இடப்பக்கம் திரும்பாதவன்

பிப்ரவரி 3, திங்கள்

வலி: 0

இந்த நோட்டு வலியை எழுதுவதற்காக வாங்கியது. என் வலது தோளுக்குக் கரண்ட் வைத்துவிடும் பிசியோதெரபி பெண், தினமும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். ஓர் எண்ணுக்கு ஒரு பக்கமா? தாளின்மேல் இரக்கப்பட்டு மீதியையும் நிரப்புகிறேன். அவள் படித்தாலும் படிப்பாள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெண்ணே, நான் ரெஜினா. ஒரு காலத்தில் மாநில அணியின் லெஃப்ட் கார்னர், அதாவது இடது மூலையில் நின்று ஆளைப் பிடிக்கிறவள். இப்போது திருச்சி டைனமைட்ஸ் கபடி அணிக்கு ஆள் தேடுகிறவள். இந்தத் தோளை வைத்துக்கொண்டு நான் ஆடுவதே இல்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதை நம்பிக்கொண்டே இரு.

டைனமைட் என்பதெல்லாம் பெயரில்தான். போன சீசனில் கடைசி இடம். மற்ற அணிக்காரர்கள் எங்களை நமத்த பட்டாசு என்கிறார்கள். ஆனால் எங்கள் லீகில் தோற்றவனுக்கு முதல் பந்தி. ஏப்ரலில் நடக்கும் டிராஃப்டில், கல்லூரி முடிக்கும் பையன்களில் யார் வேண்டுமோ அவனை நாங்கள்தான் முதலில் எடுப்போம். எங்களுக்கு ஓர் இடம் மேலே தோற்ற கடலூர் கேப்டன்ஸ் இரண்டாவதாக எடுக்கும். எங்களுக்கு வேண்டியது ரெய்டர். அதாவது, கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிராளி பக்கம் போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்பி வருகிறவன்.

போன வருடம் நான் கைகாட்டிய பையன் முதல் ஆட்டத்திலேயே மைதானத்துப் பெரிய திரையில் தன் முகத்தைப் பார்த்துப் பாட்டை விட்டுவிட்டான். சீசன் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆடினான். இந்த வருடமும் நான் கோட்டை விட்டால் அணியில் எனக்கு வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். பழைய பள்ளிக்கூடத்துக்கே போய் விசில் ஊத வேண்டியதுதான்.

காலையில் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். "நாப்பத்திரெண்டு வயசுக்கு ரெட்டை சடை போடவா, ஒத்தை சடை போடவா?" என்று கேட்டாள். கை தூக்க முடியாமல் இல்லை. சோம்பல்.

பிப்ரவரி 6, வியாழன்

வலி: 0

நாமக்கல். பொறியியல் கல்லூரி. நாலு ரெய்டர்கள்.

மற்ற ஆள்தேடிகள் வீடியோ பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். என் வழி வேறு. பயிற்சி முடிந்ததும் நானே ட்ராக் சூட்டோடு மூலையில் போய் நிற்பேன். "தம்பி, என்னைத் தொட்டுட்டுப் போ. மூணு வாட்டி." அவ்வளவுதான் பரீட்சை. கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாத சங்கதி, அவன் கணுக்காலைக் கையில் பிடித்தால் தெரியும்.

நாமக்கல் பையன்களில் முதலாமவன் பெண்ணைத் தொட மாட்டேன் என்று கை கட்டி நின்றான். இரண்டாமவன் தூரத்திலிருந்தே காற்றைத் தொட்டுவிட்டு, "தொட்டுட்டேன் மேடம்" என்றான். மூன்றாமவன் தொட்டான், தொட்டதற்கு மன்னிப்புக் கேட்க நின்றான், பிடித்துக் கவிழ்த்தேன். நாலாமவன் ரெய்டுக்கு முன் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு வேண்டியவன், காலைத் தொட்டுக் கும்பிட்ட கையோடு அதே காலைத் தட்டிவிட்டு ஓடுகிறவன். இவன் கும்பிட்டதோடு சரி.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடலூர் கேப்டன்ஸுக்கு ஆள் தேடும் கொளஞ்சி போன ஞாயிறு போன் செய்திருந்தான். விளையாட்டு விடுதிக் காலத்திலிருந்து பழக்கம். நாங்கள் ஒருவருக்கொருவர் உண்மை பேசிய நாள் கிடையாது. இந்தத் தொழிலில் அது மரியாதை இல்லை. நல்ல பையனைப் பார்த்தால் "வேஸ்ட்" என்போம், வேஸ்டைப் பார்த்தால் "வைரம்" என்போம். கேட்கிறவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

"வர்ற வாரம் எங்க போற, ரெஜினா?"

"ராசிபுரம். அங்க ஒரு பையன் இருக்கான், பாத்தா மெரண்டுருவ."

ராசிபுரத்தில் அந்த வாரம் கபடியும் இல்லை, கல்லூரிக்கு லீவும்கூட. கொளஞ்சி போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தான் என்று இன்று கேள்விப்பட்டேன். வழக்கமாகத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறவன், அன்று ஏனோ நேராகப் புரிந்துகொண்டுவிட்டான். இனி அந்தத் தப்பைச் செய்ய மாட்டான்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். இடது கையால் மாற்றிப் பழகுவது நல்லது என்று எங்கோ படித்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வலி: 0

திருநெல்வேலி. பையன் பெயர் சுடலைமணி. மீட்டர் ரீடிங் எடுக்க வருகிற ஆள் மாதிரி வருகிறான். பார்க்கிறான், தொடுகிறான், போகிறான். முகத்தில் ஒன்றும் கிடையாது. என்னை மூன்று முறையும் தொட்டுவிட்டான். மூன்றாவது முறை எப்போது தொட்டான் என்றே தெரியவில்லை, அவர்கள் பயிற்சியாளர்தான் சொன்னார்.

"தம்பி, ஆடும்போது என்ன யோசிப்ப?"

"ஒண்ணும் யோசிக்க மாட்டேன்க்கா. சோலியப் பாத்துட்டுப் போயிருவேன்."

நல்ல சரக்கு. ஆனால் இவனை முதல் ஆளாக எடுத்தால் முதலாளி என்னைக் கொன்றுவிடுவார். டிக்கெட் விற்காது என்பார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வலி: 0

கரூர். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

பெயர் பூவரசன். பி.காம். மூன்றாம் ஆண்டு. அம்மா கொசுவலை கம்பெனியில் தையல். வீடியோக்களில் எல்லோரும் பார்த்து வாய் பிளக்கும் வலப்பக்கச் சுழல் இவனுடையதுதான். நாலு பேர் சுற்றி வளைத்தாலும் ஒரு காலில் பம்பரமாகச் சுற்றி, வலப்பக்கம் இருக்கிற சின்னச் சந்தில் வெளியே வந்துவிடுவான். வீடியோவில் பார்த்தபோது கேமரா வித்தை என்று நினைத்தேன். நேரில் பார்த்த பிறகு கேமராவால் அதைப் பாதிகூடக் காட்ட முடியவில்லை என்று தெரிந்தது.

லெஃப்ட் கார்னரில் நின்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நிமிர்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. இரண்டு முறை தொட்டுப் போனான். மூன்றாம் முறை பாய்ந்து இடுப்பைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். நான் வலது தோள் தரையில் பட விழுந்தேன். சும்மா கொஞ்ச நேரம் ஆடுகளப் பாயிலேயே படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கூரை.

"ஐயோ அக்கா, அடிபட்டுருச்சுங்களா?"

"போடா. இதெல்லாம் ஒரு அடியா?"

திரும்பி வரும்போது காரை இடது கையாலேயே ஓட்டினேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. கடைசியாக என்னை ஒருவர் அப்படி இழுத்துக்கொண்டு போனது தேசியப் போட்டியில். இருபது வயதுக்கு மேல் குறைந்துபோன மாதிரி இருந்தது என்பதை இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

முதலாளி தெய்வசிகாமணி பி.வி.சி. குழாய் செய்கிறவர். எதையும் குழாய் கண்ணோட்டத்தில்தான் பார்ப்பார். இன்று அழைத்துப் பேசினார்.

"ரெஜினாம்மா, ரீல்ஸ்ல அந்தக் கரூர் பையன் சுத்துறத பாத்தீங்களா? பத்து லட்சம் பேரு பாத்துருக்கான்! அவன் நம்ம பைப்பச் சுத்தி ஒரு சுத்து சுத்தினா போதும்மா, விளம்பரம் ரெடி!"

அவனையே எடுக்கலாம் என்றேன். என் வாழ்க்கையில் முதலாளியும் நானும் ஒத்துப்போன முதல் விஷயம். எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

வலி: 0

மறுபடி கரூர். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. திருச்சி போகிற வழிதான், கொஞ்சம் சுற்று. அம்மா அவித்த முட்டையை டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். "யாருக்குடி இவ்வளவு?" என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன்.

முட்டை எல்லாவற்றையும் பூவரசன் தின்றான். பிறகு பரீட்சை. ஒரு மாறுதலுக்காக இந்த முறை எதிர் மூலையில் நின்றேன். அங்கே நின்றால் என்னிடமிருந்து தப்ப அவன் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

திரும்பவில்லை. முதல் ரெய்டில் பிடித்துவிட்டேன். இரண்டாவதிலும். நானா? மாநிலமே பிடிக்க முடியாத பையனை, பிசியோவுக்குப் பொய்க் கணக்கு எழுதுகிற நான், ஒரு கையால் பிடித்துவிட்டேன். சந்தோஷப்படுவதற்குப் பதில் இன்னொரு முறை வரச் சொன்னேன். மூன்றாவது ரெய்டில் அவனுடைய இடது கணுக்காலைப் பிடித்து மெல்ல முறுக்கினேன். எதிர்த்து ஊன்ற வேண்டிய கால் ஊன்றவில்லை. முட்டி கழன்ற கதவு மாதிரி உள்ளுக்குள் ஆடியது. பாட்டு நின்றுபோனது. முகம் வெளுத்துவிட்டது.

எல்லோரையும் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு முட்டிக் காப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளே சுற்றுச் சுற்றாகக் கிரேப் பேண்டேஜ்.

"எப்பருந்து?"

"போன சித்திரைங்க்கா. ஊர்த் திருவிழாவுல மின்னொளி மேட்ச். டப்புன்னு ஒரு சத்தம். அப்பறம் இடது காலை ஊனித் திரும்பினா நழுவிருதுங்க. அதான் எல்லாத்துக்கும் வலது பக்கமே சுத்த ஆரம்பிச்சேன்." தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாரும் ஸ்டைலுன்னாங்க. நானும் ஸ்டைலுன்னே வெச்சுக்கிட்டேன்."

பத்து லட்சம் பேர் பார்த்தது நொண்டியை. நாங்கள் அத்தனை பேரும், பயிற்சியாளர்கள், ஆள்தேடிகள், நான் உட்பட, அதற்குப் பெயர் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"ஊர்ல ஒருத்தரு பாத்தாருங்க. லிகமென்ட் போயிருக்கும், ஆபரேஷன் பண்ணணும்னாரு. இப்படியே ஆடினா மொத்தமாப் போயிரும்னாரு. ஆபரேஷனுக்கு எங்க போறது? ஒரு சீசன் ஆடிட்டேன்னா நானே பண்ணிக்குவேங்க்கா." என் கையைப் பிடித்துக்கொண்டான். "யாருகிட்டயும் சொல்லிராதீங்க. கல்லூரிப் பையனுக்கு இந்த ஒரு டிராஃப்ட்தானுங்க."

லீகின் மருத்துவப் பரிசோதனை என்பது எடை, உயரம், ரத்த அழுத்தம். கிரேப் பேண்டேஜைக்கூட அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள். நான் வாயை மூடினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 26, புதன்

முள்முள்ளாக ஒரு நாள். முட்டை வாங்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறு வழி இல்லை. அவர் சம்பளம் தருகிறவர். இவனை முதல் ஆளாக எடுத்து, இவன் மூன்றாவது ஆட்டத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், வேலை போவது எனக்கு. கால் போவது அவனுக்கு. சொன்னால் முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சிரித்தார்.

"வேற யாருக்கும்மா தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க சார்."

"அப்ப நாம அந்தத் திருநெல்வேலிக்காரன எடுத்துக்குவோம். இவனப் பத்தி ஊரெல்லாம் புகழுங்க. கடலூர்க்காரன் ரெண்டாவதா வந்து இவனக் கொத்திட்டுப் போகட்டும். அவனுக்கு ஒரு சீசன் காலி!"

"பையன் கால், சார்?"

"பையனுக்கு வேலை கிடைக்குதுல்லம்மா? அவன் கேட்டதும் அதானே? உங்களுக்கும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுத் தர்றேன். எல்லாருக்கும் நல்லதுதான?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. முட்டி ஒன்றுதான் அதில் விட்டுப்போயிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது, ஆனாலும் இல்லை என்றேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு அம்மா என்னைக் கூண்டில் ஏற்றினாள். "தவக்காலத்துக்கு என்னத்த விடப் போற? போன வருஷம் கறிய விடுறேன்னுட்டு, ரோட்டோரத்துல நின்னு பிரியாணி தின்னவ நீ."

கறியை விட முடியாது, வேறு ஏதாவது கேள் என்றேன். "அப்ப பொய் சொல்றத விடு" என்றாள். கொளஞ்சி முகம் கண் முன்னால் வந்து போனது. கறியா பொய்யா என்று கோயில் வாசலிலேயே நின்று யோசித்துவிட்டு, பொய்யை விடுவதாகச் சொல்லிவிட்டேன். ஈஸ்டர் வரைக்கும்தானே.

வலி: 7

மார்ச் 8, சனி

அணியின் யூடியூப் சேனலுக்காகப் பூவரசனைப் புகழச் சொன்னார்கள். முதலாளி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பொய் சொல்லாமல் புகழ்ந்தேன்.

"இந்த மாதிரி ஒரு சுழல நான் பாத்ததே இல்ல." உண்மை.

"வலது பக்கம் அவனப் பிடிக்க ஆள் கிடையாது." உண்மை.

"அவன மாதிரி வலி தாங்குற ஆட்டக்காரன நான் பாத்ததில்ல." மிகவும் உண்மை.

முதலாளி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு பொய்கூட இல்லாமல் இவ்வளவு பெரிய பித்தலாட்டம் பண்ண முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி. பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் இதை எந்தத் தலைப்பில் சொல்வது என்று தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

வலி: 7

பிசியோ நோட்டைப் படித்துவிட்டாள். இவ்வளவு நாள் எண்ணை மட்டும் பார்த்தவள், எண் திடீரென்று ஏழானதும் மீதியையும் புரட்டியிருக்கிறாள். கரண்ட் வைக்கிற டப்பாவைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு, "காலேஜ் பசங்ககூடக் கட்டிப் புரண்டுட்டு எங்கிட்ட வந்து பூஜ்யம் போடுறீங்களா? முதல்ல ஸ்கேன் எடுங்க" என்று கத்தினாள். டிராஃப்ட் முடியட்டும் என்றேன். சொல்லி முடித்ததும் இதே சாக்கை வேறு யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருந்தது. யாரென்று யோசிக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

பூவரசன் போன் செய்தான். வீடியோ பார்த்தானாம். கொசுவலை கம்பெனியில் அம்மாவின் லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் பார்த்தார்களாம்.

"நீங்க காப்பாத்திட்டீங்க்கா. உங்கள மறக்க மாட்டேன்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. தவக்காலத்தில் முதல் பொய். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 5, சனி

சென்னை. நட்சத்திர ஹோட்டல். டிராஃப்ட்.

பையன்கள் இரவல் கோட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பூவரசன் பக்கத்தில் அவன் அம்மா. பட்டுப்புடவை, ஏசி குளிருக்குத் தலையில் முக்காடு. நாங்கள் முதல் ஆளாகச் சுடலைமணியின் பெயரைச் சொன்னதும் கூட்டம் "ஆ" என்றது. சுடலைமணி மேடைக்குப் போனான், தொப்பியை வாங்கினான், வந்து உட்கார்ந்தான். அவன் அம்மாகூடக் கைதட்டினாரா என்று சந்தேகம்.

அடுத்தது கடலூர் மேஜை. முடிவு சொல்ல அவர்களுக்குச் சில நிமிடம் உண்டு. கொளஞ்சி எங்கள் பக்கம் திரும்பி ஈ என்று இளித்தான். பொக்கிஷத்தை நாங்கள் தவறவிட்டுவிட்டோமாம். எங்கள் முதலாளி மேஜைக்கு அடியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பூவரசன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கால் ஆடக்கூடாது. அதற்கு மேல் என் தலையில் ஒன்றும் இல்லை. எழுந்து நேராகக் கடலூர் மேஜைக்குப் போனேன்.

"கொளஞ்சி, பூவரசன எடுக்காத. அவனுக்கு இடது முட்டி போயிருச்சு. அந்தச் சுத்தெல்லாம் அதை மறைக்கத்தான். நான் கையில பிடிச்சுப் பாத்தேன்."

கொளஞ்சி என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மேஜையைத் தட்டிச் சிரித்தான். மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னா ரெஜினா, எங்கிட்டயே உடுறியா? ராசிபுரத்துல பூட்டுன கேட்டு முன்னாடி நிக்க வெச்சவ நீ. நாங்க உட்டுட்டா ரெண்டாவது ரவுண்டுல நீ வந்து அள்ளிக்குவ, அதான?"

"மாதா மேல சத்தியமா சொல்றேன்."

"ஐயய்யே, சாமியெல்லாம் இழுக்காத! அப்ப நிச்சயம் பொய்தான்." மைக்கை இழுத்தான். "கடலூர் கேப்டன்ஸ் தேர்வு: பூவரசன்!"

இருபது வருடத்தில் கொளஞ்சியிடம் நான் சொன்ன முதல் உண்மை.

பூவரசனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பூவரசன் மேடைக்கு ஓடினான். கேமராவுக்காக அந்தச் சுழலைக் காட்டச் சொன்னார்கள், காட்டினான். அரங்கமே எழுந்து நின்றது. என் முதலாளி என் காதோரம் குனிந்து, "ரெஜினாம்மா, பிரமாதம்! 'எடுக்காத'ன்னு போய்ச் சொன்னீங்க பாருங்க, அதான் மாஸ்டர் ஸ்ட்ரோக்! எனக்கே தோணல!" என்றார். அங்கேயே இரண்டு வருட நீட்டிப்பை எல்லோரிடமும் அறிவித்தார். தட்டிக்கொடுத்தது வலது தோளில். கண்ணில் தண்ணீர் வந்ததை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு லீக் அதிகாரி ஒப்பந்த நிபந்தனைகளை வாசித்தார். வழக்கமாக அந்த நேரத்தில் எல்லோரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்போம். இந்த வருடமும் நின்றார்கள். எனக்குப் பசிக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். அதனால் இதைக் கேட்டேன்: கையெழுத்தான பிறகு ஒரு வீரருக்குக் காயம் இருப்பது தெரியவந்தால், அணிதான் சிகிச்சை தர வேண்டும், ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

நாலு வருடமாக நான் பிரியாணி தின்றுகொண்டிருந்த நேரத்தில் வாசித்த வரி. கொளஞ்சி என்னை நம்பியிருந்தால் பையன் தெருவில் நின்றிருப்பான். நம்பாமல் போனதே நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

வலி: 8

பூவரசனுக்குப் போன் போட்டு நிபந்தனையை விளக்கினேன். "கையெழுத்தாயிருச்சு. இனி உன்ன யாரும் வெளிய தள்ள முடியாது. நாளைக்கே டீம் டாக்டர்கிட்ட சொல்லிரு. ஆபரேஷன் அவங்க செலவு."

"முதல் மேட்ச் மட்டும் ஆடிக்கறேங்க்கா. அம்மா ஒரு வாட்டி என்ன டிவில பாத்துரட்டும். அப்பறம் சொல்லிடறேன்."

"அந்த ஒரு மேட்ச்லயே மொத்தமாப் போயிரும்டா!"

"போகாதுங்க்கா. நான் வலது பக்கமே சுத்திக்குவேன்."

எவ்வளவு கெஞ்சியும் நகரவில்லை. பயிற்சி முகாம் புதன்கிழமை ஆரம்பம். கடலூர் நிர்வாகத்திடம் நானே சொல்லலாம். ஆனால் என்னை யார் நம்புவார்கள்? மறுபடியும் மேஜையைத் தட்டிச் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் தோசைக் கரண்டியும் கையுமாக நிற்கும்போது உறைத்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கொளஞ்சிக்குப் போன் போட்டேன். தோசை கருகியது.

"கொளஞ்சி, அன்னைக்கு நான் சொன்னது சும்மா. உன்னக் குழப்பத்தான். பையன் முட்டி இரும்பு."

"அதான் எனக்கே தெரியுமே."

"ஆமா. அதனால இந்த ஸ்கேன் கீன்னு எடுத்து நேரத்த வீணாக்காத. நேரா ஆட உட்டுரு."

 கொளஞ்சி யோசிக்கிறான் என்றால் மூக்கால் மூச்சு விடுவான். அது கேட்டது.

"ஸ்கேன் எடுத்தா என்னா?"

"ஒண்ணும் இல்ல. எதுக்கு வெட்டியான்னு சொன்னேன்."

"நீ எதுக்கு வேலமெனக்கெட்டுப் போன் போட்டு ஸ்கேன் எடுக்காதன்ற?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன், கொளஞ்சி. எடுக்காத. முக்கியமா அந்த இடது முட்டிய எடுக்கவே எடுக்காத."

வைத்துவிட்டேன். "யாருகிட்டடி காலங்காத்தால இவ்வளவு பொய்?" என்று அம்மா கேட்டாள். தவக்காலம் எனக்கு முடிந்துவிட்டது என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

கொளஞ்சி பையனை நேராக ஸ்கேனுக்குத் தூக்கிப் போயிருக்கிறான். ரிப்போர்ட் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஆபரேஷன். பையனுக்கு இந்த சீசன் இல்லை. அடுத்த சீசனுக்கு ஓடலாம், இரண்டு பக்கமும் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் கொளஞ்சியே போன் செய்து கத்தினான். நடுநடுவே, "ஆனா நீ அன்னைக்கே சொன்னியே!" என்று அவனுக்கே குழப்பம். ஆமாம், சொன்னேன்.

ஏப்ரல் 10, வியாழன்

வலி: 8

பூவரசன் அழைத்தான். எடுத்ததும் ஆரம்பித்தான். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே என்றான். நம்பினேனே என்றான். முட்டை கொடுத்தது இதற்குத்தானா என்றான். கொசுவலை கம்பெனி முழுக்க டிவி முன்னால் உட்காரக் காத்திருந்ததே, இப்போது என் அம்மா எந்த முகத்தோடு வேலைக்குப் போவாள் என்றான். இத்தனை நாள் வாய்க்கு வாய் 'ங்க' போட்டவன், இன்று ஒருமையில் விளாசினான். "ஊரான் முட்டிக்கு ஸ்கேன் எடுக்க வெச்சியே, ஒத்தக் கையால என்னப் பிடிச்ச உன் தோளு போயி எத்தன மாசமாச்சு, நீ எடுத்தியா?" என்றும் கேட்டான். போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.  கேட்டுக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் எங்கேயும் நிறுத்தவில்லை, எச்சில் விழுங்கவில்லை, ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

நல்ல மூச்சு. அது அப்படியே இருக்கிறது. இனி முட்டி மட்டும்தான் வர வேண்டும்.